ஐந்தாம் மாடி மேடம் சொன்னது

ஜூன் 3

அருமை மருமகளுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். நீ சமுதாயக் கல்லூரியில் சேர்ந்த அன்றே உன் அம்மாவிடம், "அக்கா, ரெண்டு வருஷம் வழுக்கிக்கிட்டு ஓடும். பெரிய பல்கலைக்கழக வாசப்படியில கால் வைக்கிற நேரத்துல ஒரு முட்டுக்கட்டை விழும் பாரு" என்றேன். விழுந்ததா இல்லையா? அக்காவைக் கேட்டால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பாள். அவளுக்கு என் வாக்கு பலித்துவிட்டால் உடனே மறதி வந்துவிடும்.

பல்கலைக்கழகத்திலிருந்து உனக்குக் கடிதம் வந்த சேதியை நேற்று அக்கா போனில் சொன்னாள். பிசிக்ஸ் இரண்டாம் பாகம் நீ படிக்கவில்லையாம், அதனால் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் உனக்கு உறுதி இடம் கிடையாதாம். அழுதாயாம். இதற்கெல்லாம் அழுவார்களா? உன் மாமன் யார்? இந்தப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடத்தில் பதினாறு வருடமாக லிஃப்ட் பார்க்கிறவன். இங்கே யார் மேலே போனாலும் என் கையால்தான் போகிறார்கள். யார் கீழே இறங்கினாலும் அப்படியே. போன மாதம் ஏழாம் மாடி ஐயா என் தோளில் கைபோட்டு, "நீங்க இல்லேன்னா இந்த ஆபீஸே நடக்காது" என்றார். தோளில் கிரீஸ் இருந்தது, அதையும் பார்க்கவில்லை.

பிசிக்ஸ் இரண்டாம் பாகம் இப்போது வேண்டாம் என்று சொன்னது நானா? ஐந்தாம் மாடி மேடம். சேர்க்கைப் பிரிவு அலுவலர். நான் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன், அவர் உள்ளே. கீழே குனிந்து கேட்டேன், மேலே நிமிர்ந்து சொன்னார்: "சமுதாயக் கல்லூரிப் பிள்ளைங்களா? ரெண்டாம் பாகத்தை இங்க வந்து படிச்சுக்கலாம்." இரும்பு மாதிரி வார்த்தை. கடிதம் போட்டது யாரோ புதுக் குமாஸ்தாவாக இருக்கும். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

போன் செய்து செய்து என் விரல் தேய்ந்துவிட்டது. ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாய்?

உன் தாய்மாமன்

ஜூன் 6

மாமாவுக்கு,

போனில் பேசினால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன், வைத்த பிறகுதான் நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது உறைக்கும். ஜனவரியில் அப்படித்தான் நடந்தது. அதனால் எழுதுங்கள். எழுதினால் திரும்பப் படித்துப் பார்க்கலாம்.

நடந்தது என்ன என்று உங்களுக்கே முழுதாகத் தெரியுமா என்பது சந்தேகம், சொல்கிறேன். எங்கள் கல்லூரியிலிருந்து உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போக இரண்டு வழி. ஒன்று ஒப்பந்த வழி. கல்லூரியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பாடப்பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதிலுள்ள எல்லாவற்றையும் குறைந்தது 'பி' கிரேடு வாங்கி இங்கேயே முடித்தால் மூன்றாம் ஆண்டில் இடம் நிச்சயம். ஒன்று விட்டாலும் நிச்சயம் போச்சு. இன்னொன்று பொது வழி. எல்லோரோடும் போட்டி போட வேண்டும். போன வருடம் எங்கள் கல்லூரியிலிருந்து அந்த வழியில் சிவிலுக்கு ஒருவர்கூட போகவில்லை.

நான் ஒப்பந்த வழி. பட்டியலில் நான் முடிக்காதது ஒன்றே ஒன்று. பிசிக்ஸ் இரண்டாம் பாகம், ஆய்வகத்தோடு.

ஜனவரியில் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன். நான் மருந்துக் கடையில் மாலை முழுவதும் நிற்க ஆரம்பித்திருந்தேன். ஆய்வக வகுப்பும் மாலையில். அப்போதுதான் உங்களைக் கேட்டேன்: "மாமா, நீங்க அந்தக் கட்டடத்துலயேதானே இருக்கீங்க, ரெண்டாம் பாகத்தை அங்க வந்து படிக்க விடுவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க." மறுநாள் நீங்கள், "கேட்டாச்சு, தாராளமா விடலாம்னாங்க" என்றீர்கள். நான் வகுப்பை விட்டேன். எங்கள் கல்லூரியில் பாடங்களுக்கு வழி சொல்லும் ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என் தப்பு. மாமா சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஊரெல்லாம் என் மருமகள் இன்ஜினியர் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். மருந்துக் கடைக்கு வருகிறவர்கள்கூட என்னிடம் வீட்டுச் சுவர் விரிசலுக்கு வழி கேட்கிறார்கள்.

ஒன்று மட்டும் எழுதுங்கள். யார் சொன்னது, எங்கே, என்ன வார்த்தையில். கதை வேண்டாம்.

அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். "அவன் சொல்றதுல பாதியைத் தள்ளு, மீதியில பாதியை நம்பு" என்றும் சொன்னாள். அதையும் எழுதச் சொன்னாள்.

ஜூன் 9

அருமை மருமகளே,

கதை வேண்டாம் என்கிறாய். கதை சொல்ல எனக்கு நேரம் ஏது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்றைக்கு லிஃப்ட் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஐந்தாம் மாடி மேடம், தனியாக. கட்டடமே கூடிவிட்டது. வாட்ச்மேன், "அண்ணே, ஓடியாங்க" என்று அலறுகிறான். நான் ஓடவில்லை. மெக்கானிக் ஓடினால் உள்ளே இருப்பவர்களுக்குப் பயம் வந்துவிடும். நிதானமாகப் போய்க் கதவைக் கொஞ்சம் நெம்பினேன், ஒரு கை போகும் அளவுக்கு இடுக்கு. அதன் வழியாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"மேடம், மூச்சு நல்லா வருதா?"

"வருதுண்ணே. விழுந்துடாதே?"

"நான் இருக்கிற வரைக்கும் விழாது. மேடம், சமுதாயக் கல்லூரியில என் அக்கா பொண்ணு படிக்குது…"

அங்கேதான் விஷயமே வந்தது. உன் மார்க்கையெல்லாம் சொன்னேன். கணக்கில் நீ தொண்ணூற்றெட்டு என்றதும் இடுக்கு வழியாக அவர் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த மாதிரிப் பொண்ணுங்கதான் எங்களுக்கு வேணும். ரெண்டாம் பாகமெல்லாம் இங்க வந்து படிச்சுக்கட்டும்." அட்சரம் பிசகாமல் இதுதான் வார்த்தை. கண்ணில் தண்ணீர் நின்றது. அவருக்கு.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுப் போய்விட்டது என்பதற்காக எனக்குக் காதும் போய்விட்டது என்று அக்கா நினைக்கிறாளா? அவள் மூட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல். படியேற வேண்டாம்.

கடையில் நிற்கும்போது ஒரு காலை மாற்றி ஒரு காலில் நில். உனக்குக் கால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

மாமா

ஜூன் 12

மாமாவுக்கு,

இன்று ஆலோசகரைப் பார்த்தேன். போன தடவை கேட்காமல் விட்டதற்கு வைத்து வாங்குவார் என்று நினைத்துப் போனேன். அவர் திட்டவில்லை. உட்கார வைத்து, "பல்கலைக்கழகத்துக்காரங்களே தப்பா வழி சொல்லியிருந்தா அதுக்கு ஒரு மனு இருக்கு. அவங்க அலுவலர் சொன்னதை நம்பி நீ வகுப்பை விட்டேன்னு நிரூபிச்சா, இடத்தைக் குடுத்தே ஆகணும். ரெண்டாம் பாகத்தை அங்கயே படிக்கலாம்" என்றார்.

அவரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன் மாமா. இடத்தைக் கொடுத்தே ஆக வேண்டுமாம்.

அதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும். அந்த மேடத்தின் பெயர், சொன்ன நாள், இடம், வார்த்தை, இவ்வளவும் நீங்கள் எழுதி, உண்மை என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். மனு வெள்ளிக்கிழமை 20ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த மேடத்தைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்களாம். அவர் இல்லை என்று சொல்லி, அது உண்மை என்றும் ஆகிவிட்டால், பொய் மனு போட்டதாக என் விண்ணப்பத்தையே ரத்து செய்துவிடுவார்களாம். ஒப்பந்த வழி, பொது வழி இரண்டும் அடைபடும். அது என் பதிவில் நிற்கும். வேறு எந்தப் பல்கலைக்கழகம் கேட்டாலும் தெரியும்.

இதைக் கேட்ட பிறகு உங்கள் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் நீங்கள் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டாவதில் கதவிடுக்கில் நிற்கிறீர்கள். ஜனவரியில் போனில் சொன்னபோது டீக்கடையில் சந்தித்ததாகச் சொன்னீர்கள், டீக்கு நீங்கள்தான் காசு கொடுத்தீர்கள். கணக்கில் நான் வாங்கியது தொண்ணூற்றொன்று. அதுவும் ஏப்ரலில்தான் வந்தது. ஜனவரியில் அதை நீங்கள் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.

நீங்கள் மெருகு போடுவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் நீங்கள் சொன்னதை நம்பி, நம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு லிஃப்ட் இருக்கிறது என்று பள்ளியில் சொல்லி அடி வாங்கினேன். இடம் மாறட்டும், டீ மாறட்டும். அந்த ஒரு வார்த்தை சரியாக இருந்தால் போதும்.

மேடத்தின் பெயரோடு உடனே அனுப்புங்கள்.

ஜூன் 14

மருமகளே,

கையெழுத்துத்தானே? ஒன்றுக்கு மூன்றாகப் போடுகிறேன். வேண்டுமானால் கைரேகையும் வைக்கிறேன். எனக்கென்ன பயம்? இந்தக் கட்டடத்தில் நான் கேட்டு யாரும் இல்லை என்றதில்லை.

எழுத உட்கார்ந்தேன். கையில் கிரீஸ், தாளில் ஒட்டிவிட்டது. இன்னொரு தாள் எடுத்தேன், மோட்டார் சூடாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். நாளைக்கு எழுதி அனுப்புகிறேன். பெயரும் விசாரித்துத்தான் எழுத வேண்டும். இங்கே எல்லோரையும் எனக்கு மாடியை வைத்துத்தான் பழக்கம். பெயர் கேட்டால் மரியாதைக் குறைவாக இருக்கும்.

இன்று காலை அவர் லிஃப்டில் வந்தார். நான் உள்ளே பலகையைத் திறந்து வைத்திருந்தேன். "வேலை நடக்குதாண்ணே, நான் படியில போயிக்கறேன்" என்று சொல்லி ஐந்து மாடியும் ஏறிப் போனார், கையில் சாப்பாட்டுப் பையோடு. இந்தக் கட்டடத்தில் அப்படிப் போகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் என்றால் என்னை வெளியே வரச் சொல்வார்கள். வாட்ச்மேன் சொல்கிறான், அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லையாம். வருடா வருடம் புதுப்பிக்கிறார்களாம்.

விளக்கம் கேட்பார்கள் என்று எழுதியிருந்தாயே, அது சும்மா வாய்வார்த்தையாகக் கேட்பதா, இல்லை எழுதி வாங்கிக்கொள்வார்களா? ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். உன் ஆலோசகரிடம் கேட்டுச் சொல்.

மனு இல்லாமல் வேறு வழி எதுவும் அவர் சொல்லவில்லையா? எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், மூன்றாம் மாடி, கணக்குப் பிரிவு, அவருடைய மச்சான் பெரிய இடம். இருக்கட்டும்.

வெயில் அதிகம். தண்ணீர் குடி.

மாமா

ஜூன் 17

மாமாவுக்கு,

கையெழுத்து வரவில்லை. கிரீஸ் வந்திருக்கிறது.

வேறு வழி இருக்கிறது. கோடைக்காலத்தில் ஆறு வாரம், எங்கள் கல்லூரியிலேயே பிசிக்ஸ் இரண்டாம் பாகம் ஆய்வகத்தோடு நடத்துகிறார்கள். காலையிலிருந்து மாலை வரை. ஆய்வகத்தில் இரண்டு மேசைதான் காலி. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதிவு மூடுகிறது.

அதில் சேர வேண்டுமானால் வேலையை விட வேண்டும். கடைக்காரரிடம் கேட்டேன். "ஆறு வாரம் லீவா? அதுக்குப் பேரு லீவு இல்லம்மா" என்றார். அம்மா இன்னும் கைப்பிடி பிடித்துத்தான் நடக்கிறாள். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அத்தனையும் விட்டு முடித்தாலும், மார்க் வரும் வரை அந்த இடத்தை எனக்காக வைத்திருப்பார்களா என்று எங்கள் ஆலோசகருக்கே நிச்சயமில்லை.

அதில் சேர்ந்துவிட்டால் மனு போட முடியாது. பாடம் தேவையில்லை என்று உங்கள் ஆளே சொன்னார் என்று மனுவில் எழுதிவிட்டு, அதே பாடத்துக்குப் போய் உட்கார்ந்தால் எவன் நம்புவான்? மனு போடுவதென்றால் வகுப்பில் சேரக் கூடாது. வகுப்பில் சேர்ந்தால் மனு கிடையாது. வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் நான் ஒரு கதவைத் திறந்து இன்னொன்றைச் சாத்த வேண்டும்.

எழுதி வாங்குவார்களா என்று கேட்டீர்கள். வாங்குவார்கள். நடந்ததைப் பார்த்தவர் இப்படிக் கேட்க மாட்டார் மாமா.

அந்த மேடம் சொன்னாரா, இல்லையா? ஒரு சொல்லில் எழுதுங்கள். சொன்னார் என்றால் நான் மனு போடுகிறேன், உங்களை நம்பித்தான் போடுகிறேன். சொல்லவில்லை என்றால் கோபப்படுவேன். கோபப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பேன்.

இந்தக் கடிதத்தைப் பகல் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள். போன் செய்யாதீர்கள். எடுத்தால் உங்கள் குரலைக் கேட்டு நான் நம்பிவிடுவேன்.

ஜூன் 18

மருமகளே,

இந்த உறையில் இன்னொரு தாள் இருக்கிறது. முதலில் அதைப் படி. அது என் எழுத்து இல்லை, பார்த்தாலே தெரியும், கோடு நேராக இருக்கிறது. ஐந்தாம் மாடி மேடம் தன் கையால் எழுதி, அலுவலக முத்திரை வைத்துக் கொடுத்தது. கோடை வகுப்பில் சேர்ந்த ரசீதை நீ ஒரு வாரத்துக்குள் அனுப்பினால், மார்க் வரும் வரை உன் இடத்தை நிறுத்தி வைப்பார்கள். 'பி'க்குக் குறைந்தால் கிடையாது. ஆய்வகம் சேர்ந்திருக்க வேண்டும். இவ்வளவும் அவர் எழுதியது. நான் ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை.

இன்று மேலே போனேன். லிஃப்டை நிறுத்திவிட்டு, படியேறி. உடுப்பை மாற்றிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன், மாற்றினால் போக மாட்டேன் என்று தோன்றியது, அப்படியே போய்விட்டேன். டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். என் எண் வந்தது.

"சொல்லுங்கண்ணே, மறுபடியும் மோட்டார் மாத்தணுமா?"

"இல்ல மேடம். ஒரு பொண்ணு விஷயம். என் அக்கா பொண்ணு."

நீ எழுதியிருந்த கடிதத்தையே அவர் முன்னால் வைத்தேன். வாயால் சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று என்னைப் பார்த்தார். எந்த இடம் என்று உனக்குத் தெரியும். "நான் எதைச் சொன்னேன்னு கேக்கறாங்க உங்க பொண்ணு?" என்றார். சொன்னேன். பேனாவை மூடினார், திறந்தார். பிறகு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்துக் கையில் கொடுக்கும்போது, "அஞ்சு மணிக்குள்ள போய்ச் சேரணும்ணே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் இறங்கிவரச் சுலபமாக இருந்திருக்கும்.

காலை முதல் பஸ்ஸில் இதைக் கொடுக்கிறேன். டிரைவர் உன் கையிலேயே கொடுப்பான், வேறு யாரிடமும் கொடுத்தால் பல்லைக் கழற்றிவிடுவேன் என்று சொல்லப் போகிறேன். இதை நிஜமாகவே சொல்வேன்.

வேலையை விடு. அக்காவுக்கு நான் இருக்கிறேன். இதை நான் சொன்னால் நம்ப மாட்டாய், நம்ப வேண்டாம், சனிக்கிழமை பையோடு வந்து நிற்கிறேன், பார்த்துக்கொள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினாறு வருடத்தில் நான் எடுக்காத லீவெல்லாம் சேர்ந்து கிடக்கிறது. சரி, பதினொரு வருடம்.

லிஃப்ட் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றது உண்மை. அது வேறொரு நாள், உள்ளே இருந்தவர் தண்ணீர் கேன் போடுகிறவர். எண்ணெய் போட்டதும் உண்மை. டீக்கடையும் உண்மைதான், அங்கே நான் தனியாக நின்றேன்.

ஜனவரியில் நீ கேட்ட மறுநாள் நான் ஐந்தாம் மாடிக்குப் போகாமல் இல்லை. போனேன். டோக்கன் எடுத்தேன். சுற்றிலும் கோப்பு வைத்துக்கொண்டு அப்பாக்கள், அம்மாக்கள், எல்லோரும் தாளில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பாடம், எந்த வழி, எதைக் கேட்க வேண்டும் என்று நீ சொன்னதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். "என்ன வேணும்ணே?" என்றார். எல்லாம் மறந்துவிட்டது. என்ன பாடம் என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? பின்னால் நிற்பவர்கள் பார்ப்பார்கள். "ஒண்ணுமில்ல மேடம், லிஃப்ட்ல சத்தம் எதுவும் வருதான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "இல்லையேண்ணே, நல்லாத்தான் ஓடுது."

மீதி நான் செய்தது. அவர் சொல்லவில்லை.

மாமா